சாப்பிடலாம் என்றால் சுவாசிக்கலாமா?

சென்ற இதழில் ரசாயனப் பீப்பாய்களில் ஒட்டியிருக்கும் சிவப்பு விளிம்புப் படங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஃபிளேவர் சரக்குகளை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். இருபத்தாறு ஆண்டுகள் ஃபிளேவர் கலக்கும் இடங்களில் ரசாயனங்களின் அபாயங்களைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள் எழுதுவதே என் வேலையாக இருந்தது. எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பட்டர் ஃபிளேவர் தயாரிக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் பாட்டிலில் நெருப்பு, மண்டையோடு, கையை அரிக்கும் திரவம், நெஞ்சில் நட்சத்திரம் போட்ட மனிதன் என்று நான்கு படங்கள் இருக்கின்றன. கூடவே வரும் சான்றிதழில் ‘உணவில் சேர்க்கத் தக்கது’ என்றும் இருக்கிறது. எது உண்மை, மேடம்? சீனியர்களைக் கேட்டால், ‘சாப்பிடுகிற பொருள்தானே, பயப்படாதே’ என்கிறார்கள்.

இரண்டுமே உண்மை தம்பி. இரண்டும் வேறு வேறு கேள்விக்கு எழுதிய பதில்கள், அவ்வளவுதான். சான்றிதழ் பேசுவது, உணவில் மிகச் சிறிய அளவில் கலந்து, வாய் வழியாக வயிற்றுக்குள் போகும் டைஅசிட்டைலைப் பற்றி. அமெரிக்கச் சுவைமண உற்பத்தியாளர் சங்கமான ஃபெமாவின் பட்டியலில் அதற்கு 2370 என்ற எண் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பது உண்பதற்கான ஒப்புதல். பாட்டிலில் இருக்கும் நான்கு படங்களோ, மூடியைத் திறக்கப் போகும் உங்களிடம் பேசுகின்றன. அங்கே இருப்பது முழுச் செறிவுள்ள திரவம். அது உங்கள் வயிற்றுக்கு வரப்போவதில்லை. மூக்குக்கும் கண்ணுக்கும் கைக்கும்தான் வரப்போகிறது.

படங்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் பயமும் தெளியும், அலட்சியமும் போகும். ஜிஎச்எஸ் என்று நாம் சொல்லும் ஐ.நா. வகைப்பாட்டு முறை ஒவ்வொரு அபாயத்துக்கும் எண்களில் கோடு போட்டு வைத்திருக்கிறது. தீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திரவத்தின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டுப் பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலை, 23 டிகிரிக்குக் கீழே, கொதிநிலை 35 டிகிரிக்கு மேலே என்றால் அது இரண்டாம் வகை. டைஅசிட்டைலின் ஃபிளாஷ் பாயிண்ட் சுமார் 6 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 88. எனவே எச்225 என்ற எண் கொண்ட அபாய வாக்கியம், நெருப்புப் படம். சாதாரண அறையில் திறந்து வைத்தாலே, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி மேலே நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் மோட்டாரைத் தொடும்.

அடுத்தது நஞ்சு. எலிக்கு வாய் வழியாகக் கொடுத்தபோது, சோதித்தவற்றில் பாதி இறந்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1580 மில்லிகிராம். 300-க்கும் 2000-க்கும் இடையில் விழுந்தால் நான்காம் வகை, எச்302. இதே பொருளை நான்கு மணி நேரம் ஆவியாகச் சுவாசிக்க வைத்த சோதனைகளில் அந்த அளவு, லிட்டர் காற்றுக்கு 2 முதல் 10 மில்லிகிராம் என்ற கோட்டுக்குள் வந்துவிடுகிறது. அது மூன்றாம் வகை, எச்331, மண்டையோடு. எண் குறையக் குறைய அபாயம் கூடும். ஒரே திரவம், வாய் வழியில் நான்கு, மூச்சு வழியில் மூன்று. சீனியர்கள் சொன்னது எங்கே உடைகிறது என்று இப்போது தெரிகிறதா?

கண்ணுக்குக் கடும் சேதம் தருவது எச்318, அரிக்கும் திரவப் படம் அதற்குத்தான். தோல் எரிச்சல், தோல் ஒவ்வாமை இரண்டுக்கும் தனித்தனி வாக்கியங்கள் லேபிளில் இருக்கும். ஆச்சரியக்குறிப் படம் மட்டும் இருக்காது. மண்டையோடு வந்துவிட்டால் அதைப் போடக் கூடாது என்பது விதி.

இனி நெஞ்சில் நட்சத்திரம் போட்ட மனிதன். நான்கில் எனக்கு அதிகம் கவலை தருவது அவன்தான். எச்373: நீண்ட காலமோ திரும்பத் திரும்பவோ பட்டால் உறுப்புகளைக் கெடுக்கக்கூடும். இங்கே அந்த உறுப்பு நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்கள். இந்த வாக்கியத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஓர் ஆலையில் முன்பு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு ஒரே மாதிரியான, திரும்பச் சரியாகாத நுரையீரல் அடைப்பு இருப்பதை ஒரு மருத்துவர் கவனித்து அரசுக்குத் தெரிவித்தார். நான்கு பேர் நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே கலவை அறையில் சூடான சோயா எண்ணெய்த் தொட்டியில் பட்டர் ஃபிளேவரை ஊற்றுவார்கள். தொழிலாளர் நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் போய்ச் சோதித்தபோது, அப்போது வேலையில் இருந்தவர்களிடம் மூச்சுக்குழாய் அடைப்பு, எதிர்பார்க்கும் அளவைப் போல் 3.3 மடங்கு இருந்தது. நியோஷ் 2016-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாகக் காற்றில் நூறு கோடிப் பங்குக்கு 5 பங்கு டைஅசிட்டைல். தொழிலில் 5 பிபிபி என்போம்.

இந்த 5 எவ்வளவு சிறியது என்று புரிய, கையில் இருக்கும் பாட்டிலையே நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் லேசாகப் பச்சை கலந்த, தண்ணீர் போல ஓடும் திரவம். 25 டிகிரியில், மூடிக்கும் திரவத்துக்கும் நடுவே நிற்கும் காற்றில் ஏறக்குறைய 7 சதவீதம் டைஅசிட்டைல் ஆவி. நீங்கள் மூடியைத் திருகும்போது முதலில் வெளியே வருவது அந்தக் காற்று. பரிந்துரைத்த வரம்பைப் போல் ஒரு கோடி மடங்குக்கும் மேல் செறிவானது அது. தூரத்தில் வெண்ணெய் மணம், கிட்டே வந்தால் தொண்டையைப் பிடிக்கும் காரம். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிப்போகும், மணம் குறைந்தது போலத் தோன்றும். குறைந்தது உங்கள் மூக்கின் உணர்வு மட்டும்தான். அதனால் மோந்து பார்த்து, ‘இப்போது இல்லை’ என்று முகமூடியைக் கழற்றாதீர்கள்.

பாட்டிலைக் குளிரூட்டி, ஜில்லென்று இருக்கும்போது ஊற்றுங்கள், ஆவி கணிசமாகக் குறையும். ஊற்றும் இடத்திலேயே காற்றை உறிஞ்சும் குழாய் வேண்டும். முகமூடி, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்தது. கண்ணையும் மூடும் முழுமுக வகை கேளுங்கள். துணி மாஸ்க் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் தரவுத் தாள் எழுதும் பொறுப்பு இப்போதுதான் என்னிடம் வந்திருக்கிறது. ஒரு ஃபிளேவர் கலவையில் டைஅசிட்டைல் 4 சதவீதம், மற்றதெல்லாம் புரோபிலீன் கிளைகால் போன்ற சாதுவான பொருட்கள். மென்பொருளில் போட்டால் சுவாச நஞ்சும் வரவில்லை, எச்373-உம் வரவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

சகோதரி, உங்கள் மென்பொருள் பிழை செய்யவில்லை. கையால் போட்டாலும் அதேதான் வரும். மூன்றாம் வகை ஆவிக்கு விதி தரும் மதிப்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். அதை 0.04-ஆல் வகுத்தால் 75. நான்காம் வகையே 20-இல் முடிந்துவிடுகிறது. எனவே சுவாச நஞ்சு இல்லை. எச்373 இரண்டாம் வகைப் பொருள் கலவையில் 10 சதவீதம் இருந்தால்தான் கலவைக்கும் அந்த வகை ஒட்டும். 4 சதவீதத்துக்கு ஒட்டாது. கண்ணுக்கு 3 சதவீதம், தோல் ஒவ்வாமைக்கு 1 சதவீதம் போதும் என்பதால் அவை இரண்டும் நிற்கும். ஆக, லேபிளில் அரிக்கும் திரவமும் ஆச்சரியக்குறியும் இருக்கும், நட்சத்திர மனிதன் காணாமல் போய்விடுவான். தீயை மட்டும் கணக்கில் விடாதீர்கள். 4 சதவீதமே ஃபிளாஷ் பாயிண்ட்டை நன்றாகக் கீழே இழுக்கும், அதை அளந்துதான் எழுத வேண்டும்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் இதே போன்ற ஒரு கலவைக்குத் தாள் எழுதினேன். மென்பொருள் சொன்னதை அப்படியே எழுதி, இரண்டாம் பிரிவில் ‘பிற அபாயங்கள்: இல்லை’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி யாரும் குறை சொல்ல முடியாத தாள். அந்தக் கலவையை 60 டிகிரி சூட்டில் இருந்த எண்ணெயில் சேர்ப்பவர் ஒரு மூத்த தொழிலாளி, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர். திறந்த தொட்டியின் மேல் குனிந்து, வாளியிலிருந்து மெதுவாக ஊற்றுவார். சிந்தக் கூடாது என்று வேண்டுமென்றே மெதுவாக. அந்த மெதுவான இரண்டு நிமிடமும் முகம் ஆவிக்கு நேர் மேலே. டைஅசிட்டைல் 88 டிகிரியில் கொதிப்பது, 60 டிகிரி எண்ணெயில் விழுந்தால் சும்மா இருக்குமா? என் தாளில் 4 சதவீதமாக இருந்தது, அவர் முகத்துக்கு வந்த காற்றில் 4 சதவீதமாக இல்லை. மற்றதெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிட, எளிதில் ஆவியாகும் இது மட்டும் முதலில் எழுந்து வந்தது.

ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மூச்சுதான் பத்தவில்லை” என்றார். ஊதிப் பார்க்கும் சோதனையில் ஒரு விநாடியில் வெளியே தள்ளும் காற்று, வேலைக்குச் சேர்ந்தபோது இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அவரை அந்தப் பிரிவிலிருந்து மாற்றினார்கள், தொட்டிக்கு மூடியும் உறிஞ்சு குழாயும் வந்தன. இழந்த மூச்சு திரும்பவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்து, அதில் ‘இல்லை’ என்று இருந்ததை அவர் தினமும் பார்த்திருப்பார் என்ற நினைப்பு எனக்கு இன்றுவரை போகவில்லை.

ஆகவே விடாதீர்கள். வகைப்பாட்டை விதிப்படியே வையுங்கள், இல்லாத படத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. ஆனால் தாளில் பதினாறு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டாம் பிரிவின் ‘பிற அபாயங்கள்’ பகுதியில், சூடாக்கும்போதும் தெளிக்கும்போதும் டைஅசிட்டைல் ஆவி செறிவாக வெளிவரும், அது மூச்சுக்குழாய்களை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும் என்று எழுதுங்கள். மூன்றாம் பிரிவில் அதன் பெயரையும், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணான சிஏஎஸ் எண் 431-03-8-ஐயும் சதவீதத்தையும் போடுங்கள். 1 சதவீதத்தைத் தாண்டிவிட்டதால் அதை மறைக்க இடமில்லை. ‘வணிக ரகசியம்’ என்று மேலிடம் சொன்னால் விவாதியுங்கள். எட்டாம் பிரிவில் ‘நல்ல காற்றோட்டம் தேவை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். காற்றோட்டம் என்று படித்தவர் ஜன்னலைத் திறப்பார். எந்த இடத்தில் உறிஞ்சு குழாய், என்ன கார்ட்ரிட்ஜ், என்ன வரம்பு என்று எழுதுங்கள். அப்புறம், நீங்களே ஒரு தடவை கலவை அறைக்குப் போய் அந்தப் பொருளை எப்படி ஊற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். நான் அந்த வருடங்களில் ஒருமுறைகூடப் போகவில்லை.

கேள்வி: ஒரே சிஏஎஸ் எண், இரண்டு சப்ளையர்கள், இரண்டு விதமான வகைப்பாடு. ஒன்றில் மண்டையோடு இருக்கிறது, மற்றதில் இல்லை. யாரை நம்புவது?

பெரும்பாலான ஃபிளேவர் பொருட்களுக்கு வகைப்பாட்டைச் செய்வது தயாரிப்பாளரே. ஒருவரிடம் இருக்கும் சோதனை முடிவு இன்னொருவரிடம் இருக்காது. சரக்கில் இருக்கும் கசடு வேறாக இருக்கலாம். நாட்டுக்கு நாடு ஜிஎச்எஸ்ஸின் எல்லாப் பகுதிகளையும் எடுத்துக்கொள்வதும் இல்லை. உதாரணத்துக்கு, நஞ்சின் ஐந்தாம் வகை ஐ.நா. புத்தகத்தில் உண்டு, ஐரோப்பிய விதியில் கிடையாது. இரண்டு தாளிலும் பதினோராம் பிரிவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எண்ணும் விலங்கும் நேரமும் எழுதியிருக்கும் தாளுக்கு மதிப்புக் கொடுங்கள். ‘தரவு இல்லை’ என்று வரிசையாக எழுதியிருந்தால், அபாயம் இல்லை என்று அது சொல்லவில்லை, யாரும் தேடவில்லை என்று சொல்கிறது. தெளிவு கிடைக்கும்வரை கடுமையான தாளைப் பின்பற்றுங்கள், சப்ளையரிடம் காரணம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் ‘டைஅசிட்டைல் இல்லாத’ ஃபிளேவருக்கு மாறிவிட்டோம். இனி முகமூடி தேவையில்லை என்கிறார் சூப்பர்வைசர். சரிதானா?

முதலில் அந்த ஃபிளேவரின் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். 2,3-பென்டேன்டையோன் என்று இருந்தால் சரியில்லை. டைஅசிட்டைலின் மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்பனைல்கள், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இணைந்த தொகுதிகள், இருக்கின்றன. புரதங்களில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்வது அந்த ஜோடிதான். பென்டேன்டையோனில் அதே ஜோடி அப்படியே இருக்கிறது, வால் பக்கம் ஒரு கார்பன் கூட, அவ்வளவே. எலிகளின் மூச்சுக்குழாயில் அது செய்த சேதமும் அதே வகை. நியோஷ் இதற்கு வைத்த வரம்பு 9.3 பிபிபி. 5-ஐவிடப் பெரிய எண் என்பதால் இது சாது என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். நம்பகமாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு அது என்பதுதான் அந்த எண்ணுக்குக் காரணம், நஞ்சு குறைவு என்பதில்லை. இதை நியோஷே சொல்லியிருக்கிறது. முகமூடியைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: இயற்கையாகக் கிடைக்கும் டைஅசிட்டைல் என்றால் பரவாயில்லையா?

நொதிக்க வைத்து எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றே. நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: மின்சிகரெட் திரவங்களில் உணவுத் தரமான ஃபிளேவர்தான் சேர்க்கிறோம் என்று விளம்பரம் செய்கிறார்களே?

முதல் கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படியுங்கள். உணவுத் தரம் என்பது விழுங்குவதற்கு. அங்கே சூடாக்கி நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். 2015-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், சோதித்த 51 வகைத் திரவங்களில் 39-இல் டைஅசிட்டைல் இருந்தது. தங்கள் பட்டியல் மின்சிகரெட்டுக்குப் பொருந்தாது என்று ஃபெமாவே அறிவித்திருக்கிறது. இந்த விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனுக்கும் நட்சத்திர மனிதன் போட்டிருக்கிறார்கள். அதுவும் நுரையீரலைக் கெடுக்குமா?

நல்ல கேள்வி. ஒரே படம், காரணம் வேறு. அதனால்தான் படத்தோடு நிற்காமல் வாக்கியத்தையும் படிக்கச் சொல்கிறேன். லிமோனீனுக்கு அது எச்304-க்காக. மெல்லிய எண்ணெய் என்பதால், தவறி விழுங்கினால் வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, இன்னொரு முறை அது நுரையீரல் வாசலுக்கு வரும். மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மற்றபடி அது தீப்பற்றும், தோலில் ஒவ்வாமை தரும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஃபிளேவர் கலக்கும் இடத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறார். புகைப்பழக்கம் இல்லை. சில மாதங்களாக வறட்டு இருமல், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள், பலன் தெரியவில்லை. விடுமுறையிலும் குறையவில்லை. அதனால் வேலையால் வந்தது இல்லை என்கிறார் அவர்.

அம்மா, உங்கள் கடிதத்துக்கு அச்சில் வருவதற்கு முன்பே தபாலில் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

விடுமுறையில் குறையாததை வைத்து வேலையால் வந்ததில்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஆஸ்துமாவில் குழாய் சுருங்கி விரியும், அதனால் ஓய்வில் தேறலாம், இன்ஹேலர் கேட்கலாம். டைஅசிட்டைல் ஆவி தரும் நோயில் சின்னக் குழாய்கள் தழும்பு கட்டி அடைகின்றன. தழும்புக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இன்ஹேலர் கேட்காத மூச்சடைப்பு, புகைக்காத மனிதர், ஃபிளேவர் வேலை, இந்த மூன்றும் சேர்ந்தால் நுரையீரல் நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். அவருக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்க நீங்கள் உதவலாம்.

அவர் கையாளும் எல்லாப் பொருட்களின் பாதுகாப்புத் தரவுத் தாளையும் வாங்கிக்கொண்டு போங்கள். லேபிளின் போட்டோ மட்டும் போதாது, ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் பிரிவில் டைஅசிட்டைல், 2,3-பென்டேன்டையோன் என்று இருக்கும் இடத்தைப் பேனாவால் கோடிடுங்கள். எதைச் சூடாக்குகிறார், ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊற்றுகிறார், தொட்டிக்கு மூடி உண்டா என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை இன்ஹேலருக்கு முன்னும் பின்னும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பழைய ரிப்போர்ட் நிறுவனத்தில் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். எல்லோருக்கும் பொதுவான சராசரியோடு ஒப்பிட்டால் ‘நார்மல்’ என்று வரும் மனிதர், தன்னுடைய பழைய எண்ணோடு ஒப்பிட்டால் நிறைய இழந்திருப்பது தெரியவரும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

நிபுணரைப் பார்க்கும்வரை அவர் கலவை அறைக்குள் போகாமல் வேறு பிரிவில் வேலை கேட்கட்டும். போன மூச்சைத் திருப்ப வழியில்லாவிட்டாலும், இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டு. தாளைத் தர நிறுவனம் மறுத்தால், பொருட்களின் பெயரும் சிஏஎஸ் எண்ணும் மட்டும் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாக எழுதித் தருகிறேன்.